டிசி கிளாம்ப் மீட்டரில் பூஜ்ஜியம் ஏன் நிற்பதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேட்டரி, சோலார், வாகன மின்வேலை என்று எங்கே டிசி மின்னோட்டத்தை அளப்பவராக இருந்தாலும், ஒயரைத் துண்டிக்காமல் தாடையால் சுற்றிப் பிடித்தே மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரின் பூஜ்ஜியம் ஒருநாள் உங்களைக் குழப்பியிருக்கும். தாடைக்குள் எதுவும் இல்லாதபோதே மீட்டர் ஓர் எண்ணைக் காட்டுவதைப் பூஜ்ஜியப் பிசகு என்றும், அந்த எண் நேரம் போகப்போக மாறிக்கொண்டிருப்பதை நகர்வு என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். இரண்டும் வெவ்வேறு நோய்கள். மருந்தும் வேறு.

தாடைக்குள் ஒயரே இல்லை. ஆனாலும் மீட்டர் 0.2 ஆம்பியர் காட்டுகிறது. பழுதாகிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஏசி மட்டும் அளக்கும் கிளாம்பின் தாடைக்குள் இருப்பது ஒரு மின்மாற்றி. ஒயரைச் சுற்றியுள்ள காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தால்தான் அதன் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். மாறாத புலம் எதையும் அது கண்டுகொள்ளாது. அதனால் அங்கே பூஜ்ஜியம் தானாகவே பூஜ்ஜியமாக நிற்கிறது.

டிசி மின்னோட்டம் உண்டாக்கும் புலம் மாறாமல் நிற்பது. அதை உணர மின்மாற்றி உதவாது. எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவின் அடிப்படையில் இயங்கும் ஹால் சென்சார் ஒன்று தாடையின் இரும்பு வளையத்தில் உள்ள சிறு இடைவெளியில் பொருத்தப்பட்டிருக்கும். தன் வழியே செல்லும் காந்தப்புலத்துக்கு ஏற்ப அது ஒரு சிறு மின்னழுத்தத்தைத் தரும். அந்தப் புலம் உங்கள் ஒயரிலிருந்து வந்ததா, பூமியிலிருந்து வந்ததா, தாடை இரும்பிலேயே தங்கிவிட்டதா என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை. எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டுகிறது.

அப்படியானால் அந்த 0.2 ஆம்பியர் எங்கிருந்து வருகிறது?

மூன்று இடங்களிலிருந்து. முதலாவது, சென்சாரும் அதன் பின்னால் உள்ள பெருக்கியும். புலமே இல்லாத இடத்திலும் ஹால் சென்சார் சிறிதளவு மின்னழுத்தம் தரும், அது வெப்பத்தோடு மாறும். இரண்டாவது, வெளிப்புலம். மூன்றாவது, முன்பு அளந்த பெரிய மின்னோட்டம் தாடை இரும்பில் விட்டுப்போன எஞ்சிய காந்தம்.

வெளிப்புலத்தைப் பலரும் அற்பமாக நினைக்கிறார்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். 1 ஆம்பியர் செல்லும் நீண்ட ஒயரிலிருந்து 1 செ.மீ. தொலைவில் புலத்தின் அளவு 20 மைக்ரோடெஸ்லா. புவியின் காந்தப்புலமோ இடத்துக்கு ஏற்ப சுமார் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை. அதாவது நீங்கள் தேடும் சமிக்ஞையும் பூமி தரும் தொல்லையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கின்றன. மீட்டர் அப்படியே சில ஆம்பியர்கள் பிசகாமல் இருப்பதற்குக் காரணம் தாடையின் வளையம்தான். ஒயரின் புலம் வளையத்தைச் சுற்றிச் செல்வதால் இரும்பு அதைத் திரட்டிச் சென்சாருக்குக் கொடுக்கிறது. ஒரே திசையில் ஓடும் வெளிப்புலத்தையோ இரு பக்கமாகப் பிரித்துவிடுகிறது. சில மீட்டர்களில் வளையத்தின் எதிரெதிர் இடங்களில் இரண்டு சென்சார்கள் வைத்து வெளிப்புலத்தை மேலும் கழித்துவிடுவார்கள். ஆனால் இரும்பில் இடைவெளி இருக்கிறது, இரண்டு சென்சார்கள் முற்றிலும் ஒத்திருப்பதும் இல்லை. மிச்சம் இருக்கத்தான் செய்யும்.

ஜீரோ பட்டனை எப்போது, எப்படி அழுத்த வேண்டும்?

அந்தப் பட்டன் என்ன செய்கிறது என்று தெரிந்தால் எப்போது அழுத்துவது என்பது தானே விளங்கும். அழுத்திய நொடியில் திரையில் இருந்த எண்ணை மீட்டர் நினைவில் வைத்துக்கொண்டு, அதன்பின் வரும் எல்லா ரீடிங்கிலிருந்தும் அதைக் கழிக்கிறது. அவ்வளவுதான். சென்சாரையோ இரும்பையோ அது எதுவும் செய்வதில்லை. எனவே அந்தக் கழித்தல் அந்த இடத்துக்கும், அந்தத் திசைக்கும், அந்த வெப்பநிலைக்கும் மட்டுமே சரி.

மேசையில் வைத்து ஜீரோ செய்துவிட்டு, மீட்டரை எடுத்துச் சென்று பேட்டரி பெட்டிக்குள் தலைகீழாகச் செருகினால் அந்த ஜீரோவுக்கு மதிப்பில்லை. அளக்கப்போகும் ஒயருக்குப் பக்கத்தில், அளக்கும்போது மீட்டர் எப்படி நிற்குமோ அதே நிலையில், தாடை முழுவதும் மூடியிருக்க, உள்ளே ஒயர் இல்லாமல் பிடித்துக்கொள்ளுங்கள். எண் அசையாமல் நிற்கும்வரை பொறுத்து அழுத்துங்கள். பிறகு திசை மாறாமல் தாடையைத் திறந்து ஒயரை உள்ளே விடுங்கள். அளந்து முடித்ததும் ஒயரை வெளியே எடுத்து அதே நிலையில் மறுபடி ஒருமுறை திரையைப் பாருங்கள். இந்தக் கடைசிப் பார்வையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பூஜ்ஜியம் 0.00இலிருந்து 0.07 ஆகியிருந்தால், உங்கள் அளவீட்டில் எவ்வளவு நம்பலாம் என்பதை மீட்டரே சொல்லிவிட்டது. என்னைக் கேட்டால், ரீடிங்கைக் குறித்துவைக்கும்போது முன்பூஜ்ஜியம், பின்பூஜ்ஜியம் இரண்டையும் அதன் பக்கத்திலேயே எழுதாத குறிப்பு அரைகுறைக் குறிப்பு.

ரேஞ்ச் மாற்றினால் மறுபடி ஜீரோ செய்யுங்கள். மீட்டர் தானாக அணைந்து மறுபடி இயக்கப்பட்டால், பழைய ஜீரோ பெரும்பாலும் அழிந்துபோயிருக்கும்.

ஒயரைக் கழற்ற வழியில்லை என்று, மாட்டிய நிலையிலேயே ஜீரோ அழுத்திவிட்டேன். பரவாயில்லையா?

ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டத்தையும் சேர்த்துக் கழித்துவிட்டீர்கள். ஒயரில் 42 ஆம்பியர் போய்க்கொண்டிருந்தால் திரை 0 காட்டும். சுமை கூடி 45 ஆனால் 3 காட்டும். மாற்றத்தை மட்டும் பார்க்க வேண்டிய இடத்தில் இது நல்ல உத்தி. பல மீட்டர்களில் இதே பட்டன் ரெலட்டிவ் என்ற பெயரில் இருப்பதும் அதற்காகத்தான். ஆனால் அந்த நிலையில் மீட்டரை இன்னொருவர் கையில் கொடுப்பது ஆபத்து. 42 ஆம்பியர் ஓடும் கேபிளை அவர் சும்மா கிடக்கிறது என்று நினைத்துவிடுவார். திரையில் சிறு முக்கோணக் குறியோ ஜீரோ என்ற குறியோ தெரிகிறதா என்று எப்போதும் முதலில் பாருங்கள்.

ஜீரோ செய்ய, தாடையைத் திறந்து கிளாம்பை ஒயரிலிருந்து எடுத்தாலே போதும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுமையோடு இருக்கும் சோலார் இணைப்பை ஜீரோ செய்வதற்காகப் பிடுங்காதீர்கள். டிசி தீப்பொறி ஏசியைப் போல எளிதில் அணையாது.

ஜீரோ செய்த பிறகு மீட்டரைத் திருப்பினாலே எண் மாறுகிறது. ஏன்?

புவிப்புலம். இதை நீங்களே சோதிக்கலாம், ஒவ்வொருவரும் தம் மீட்டரில் ஒருமுறை செய்துபார்க்க வேண்டிய சோதனை இது. இரும்பு மேசை, மோட்டார், ஒலிபெருக்கி எதுவும் அருகில் இல்லாத இடத்தில் நின்று, ஜீரோ பட்டனைத் தொடாமல், தாடையை மூடி மீட்டரைப் பிடித்தபடி மெதுவாக ஒரு முழு வட்டம் சுற்றுங்கள். எண் ஏறி இறங்கும். உச்சத்தில் +0.18, தாழ்வில் −0.06 என்று வந்தது என வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவில் உள்ள 0.06 மீட்டரின் சொந்தப் பிசகு, அது எங்கே போனாலும் கூடவே வரும். நடுவிலிருந்து இருபுறமும் ஆடும் 0.12 புவிப்புலத்தின் பங்கு, அது இடத்துக்கும் திசைக்கும் உரியது. இந்த இரண்டாவது எண் உங்கள் மீட்டருக்கு எவ்வளவு என்று தெரிந்துவிட்டால், எவ்வளவு சிறிய மின்னோட்டம் வரை அதை நம்பலாம் என்ற எல்லையும் தெரிந்துவிடும்.

தொங்கவிடுவதற்காக மீட்டரின் பின்னால் காந்தப் பட்டை மாட்டியிருப்பவர்கள் அதைக் கழற்றிவிட்டும் ஒருமுறை பாருங்கள். தாடைக்கு நெருக்கமாக இருக்கும் காந்தம் பூமியைவிடப் பெரிய தொல்லை.

கிளாம்பைத் திருப்பிப்போட்டு இரண்டுமுறை அளந்து சராசரி எடுத்தால் பிசகு போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மேலே கண்ட அதே மீட்டர், +0.18 காட்டும் திசையில் நிற்கிறது. ஒயரில் உண்மையில் 0.80 ஆம்பியர் ஓடுகிறது. ஜீரோ செய்யவில்லை. திரை 0.98 காட்டும். இப்போது கிளாம்பை எடுத்துத் திருப்பி, தாடையில் மின்னோட்டத் திசையைக் காட்டும் அம்புக்குறி எதிர்ப்பக்கம் பார்க்கும்படி மாட்டுகிறீர்கள். மின்னோட்டம் −0.80 ஆகிவிடுகிறது. சொந்தப் பிசகு +0.06 மாறாமல் இருக்கிறது. ஆனால் மீட்டரே திரும்பிவிட்டதால் புவிப்புலத்தின் பங்கும் பெரும்பாலும் திரும்பி −0.12 ஆகிவிடுகிறது. திரையில் −0.86. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 1.84, அதில் பாதி 0.92. உண்மை 0.80. சொந்தப் பிசகு ஒழிந்தது, பூமி அப்படியே தங்கிவிட்டது.

மீட்டரை அசைக்காமல் ஒயரைத் திருப்புங்கள். கிளாம்பை ஒரே இடத்தில், ஒரே திசையில் நிறுத்திவைத்துவிட்டு, தளர்வாக இருக்கும் ஒயரை வெளியே எடுத்து எதிர்ப்பக்கத்திலிருந்து உள்ளே விடுங்கள். முதல் ரீடிங் 0.98, இரண்டாவது −0.62. வித்தியாசம் 1.60, பாதி 0.80. சொந்தப் பிசகும் பூமியும் இரண்டு ரீடிங்கிலும் ஒரே குறியோடு நின்றதால் இரண்டும் கழிந்துபோயின. கூட்டிப் பாதியாக்கினால் 0.18 வரும், அதுதான் அந்த இடத்தின் மொத்தப் பூஜ்ஜியப் பிசகு. ஜீரோ பட்டன் இல்லாமலே கிடைத்துவிட்டது.

தடித்த பேட்டரி கேபிளில் இது முடியாது. அங்கே மின்னோட்டமும் பெரிது என்பதால் பெரும்பாலும் தேவையும் இல்லை.

ஸ்டார்ட்டர் மோட்டாரை அளந்த பிறகு பூஜ்ஜியம் பழைய இடத்துக்கு வரவே இல்லை. என்ன செய்வது?

நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே திசையில் பாய்ந்ததும் தாடை இரும்பு சிறிது காந்தமாகிவிட்டது. முதலில் தாடையைச் சில தடவை திறந்து மூடுங்கள். வளையம் உடைந்து சேரும்போது எஞ்சிய காந்தம் ஓரளவு குறையும். பிறகு ஜீரோ செய்யுங்கள். பல நேரங்களில் இதுவே போதும்.

போதவில்லை என்றால் மீட்டரின் மின்னோட்ட எல்லைக்குள் ஏசி ஓடும் ஒற்றைக் கம்பியைத் தாடைக்குள் விட்டு, அந்த ஏசியைப் படிப்படியாகப் பூஜ்ஜியம்வரை குறைக்கலாம். புலம் இருபுறமும் ஆடி ஆடிச் சிறுத்துப்போகும்போது இரும்பும் அதனோடு சேர்ந்து காந்தத்தை இழக்கும். சட்டென்று நிறுத்தினால் பயனில்லை, நிறுத்திய கணத்தில் இருந்த புலம் புதிதாக ஒரு காந்தத்தை விட்டுச்செல்லலாம். அலைநோக்கியோடு இணைக்கும் தரமான டிசி கரண்ட் புரோபுகளில் இந்த வேலைக்கென்றே டீகாஸ் பட்டன் இருக்கும்.

வேலையின் வரிசையை மாற்றுவது இவை எல்லாவற்றையும்விடச் சுலபம். சிறிய மின்னோட்டங்களை முதலில் அளந்துவிடுங்கள். ஸ்டார்ட்டரைக் கடைசிக்கு வையுங்கள்.

ஜீரோ செய்து அப்படியே வைத்துவிட்டேன். அரை மணி நேரத்தில் தானாகவே ஏறிவிட்டதே?

இது நகர்வு, பெரும்பாலும் வெப்பத்தால். குளிர்ந்த பெட்டியிலிருந்து எடுத்த மீட்டர், வெயில் படும் தாடை, இன்வெர்ட்டரின் சூடான காற்று, கையின் சூடு எல்லாமே சென்சாரின் பூஜ்ஜியத்தை நகர்த்தும். இயக்கியவுடன் மீட்டரின் உள்ளேயே சூடு ஏறி நிலைப்படவும் சில நிமிடங்கள் பிடிக்கும். மீட்டரை அளக்கும் இடத்தில் வைத்து, இயக்கி, பொறுத்திருந்து ஜீரோ செய்வதே வழி. மீட்டரின் பேட்டரி தீரும் தறுவாயில் இருந்தாலும் பூஜ்ஜியம் அலையும். குறைந்த பேட்டரிக் குறி தெரிந்தால் அளப்பதை நிறுத்தி முதலில் அதை மாற்றுங்கள்.

கையேட்டில் துல்லியம் பெரும்பாலும் 23 டிகிரி செல்சியஸ், கூட்டியோ குறைத்தோ 5 டிகிரி என்ற எல்லைக்குத்தான் சொல்லப்பட்டிருக்கும். அதற்கு வெளியே ஒவ்வொரு டிகிரிக்கும் சொல்லப்பட்ட துல்லியத்தில் 0.1 பங்கு சேர்க்கவும் என்ற வரி பல கையேடுகளில் உண்டு. அப்படிப்பட்ட மீட்டரின் துல்லியம் 2 சதவீதம் மற்றும் 5 இலக்கம் என்றால், 40 டிகிரியில் அது 2.2 மடங்காகி 4.4 சதவீதம் மற்றும் 11 இலக்கம் ஆகிறது. திரையின் கடைசி இலக்கத்தில் ஒரு படியைக் குறிக்கும் இந்த ‘இலக்கம்’ என்பதுதான் பூஜ்ஜியப் பக்கத்தில் கடிக்கும் பகுதி. 0.01 ஆம்பியர் வரை காட்டும் ரேஞ்சில் 11 இலக்கம் 0.11 ஆம்பியர். 0.1 வரை மட்டும் காட்டும் ரேஞ்சில் அதுவே 1.1 ஆம்பியர்!

பேட்டரியில் நாள் முழுவதும் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று கிளாம்பை வைத்துக் கணக்கிடலாமா?

நான் பரிந்துரைக்க மாட்டேன். 0.1 ஆம்பியர் பிசகு ஒரு கணத்தில் அற்பம். 24 மணி நேரம் கூட்டினால் 2.4 ஆம்பியர்-மணி, ஒரு வாரத்தில் 16.8. ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், பிசகு மட்டும் ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகும். பேட்டரி நிறைந்ததா குறைந்ததா என்ற விடையையே அது புரட்டிப்போட்டுவிடும்.

ஓரிரு மணி நேரம் என்றால் திருத்தம் செய்து சமாளிக்கலாம். தொடக்கத்தில் பூஜ்ஜியம் 0.02, ஒரு மணி நேரம் கழித்து 0.14 என்றால், நடுவில் எடுத்த 3.50 என்ற ரீடிங்கிலிருந்து 0.08ஐக் கழித்து 3.42 என்று கொள்ளலாம். நகர்வு சீராக நடந்தது என்ற அனுமானம் இதில் இருக்கிறது. வெயில் ஏறி இறங்கும் இடத்தில் அது செல்லாது, நடுநடுவே பூஜ்ஜியத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நாள் கணக்கில் வேண்டுமென்றால் ஷண்ட், அதாவது மின்னோட்டப் பாதையில் தொடராக வைக்கும் மிகச் சிறிய மின்தடை, பொருத்துங்கள். 50 ஆம்பியருக்கு 75 மில்லிவோல்ட் தரும் ஷண்டில் 0.1 ஆம்பியர் 0.15 மில்லிவோல்ட்டாகத் தெரியும். அதில் இரும்பு இல்லை, எஞ்சிய காந்தம் இல்லை, பூமியின் புலம் அதைத் தொடுவதில்லை. இணைப்பை ஒருமுறை அவிழ்க்க வேண்டும் என்பதுதான் அதற்குக் கொடுக்கும் விலை.

நின்றிருக்கும் காரில் 30 மில்லி ஆம்பியர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண டிசி கிளாம்ப் போதுமா?

நேரடியாகப் போதாது. மேலே பார்த்த 0.12 ஆம்பியர் புவிப்புலப் பங்கு நீங்கள் தேடும் அளவைப்போல நான்கு மடங்கு. வாகனத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் உறங்கும்வரை வேறு காத்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் பூஜ்ஜியமும் நகர்ந்துவிடும்.

ஒயர் மெல்லியதாக இருந்தால் அதைத் தாடைக்குள் பத்துச் சுற்று சுற்றுங்கள். எல்லாச் சுற்றும் ஒரே திசையில் உள்ளே நுழைய வேண்டும். 30 மில்லி ஆம்பியர் 0.30 ஆகத் தெரியும், பிசகு மட்டும் பெருகாது. கிடைத்த எண்ணைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். வெளியே வரும் வளையங்களைத் தாடையை ஒட்டிக் கட்டாமல் சற்று விலக்கிவிடுங்கள். முன்பு சொன்னபடி சுருளை எதிர்ப்பக்கமாக மாற்றிவிட்டு இன்னொரு ரீடிங்கும் எடுத்தால் கிடைக்கும் விடை வியக்கத்தக்க அளவுக்கு உண்மையை நெருங்கும். கட்டுப்பாட்டுக் கருவிகளின் 4–20 மில்லி ஆம்பியர் இணைப்புகளை அளக்கவென்றே மிகச் சிறிய மின்னோட்டக் கிளாம்புகளும் உண்டு. அவற்றிலும் ஜீரோ செய்யாமல் அளக்க முடியாது.

தாடைக்குள் ஒயர் எங்கே இருக்கிறது என்பது முக்கியமா?

நடுவில் இருக்கட்டும். தாடை சேரும் இடத்தை ஒட்டியிருந்தால் ரீடிங் சற்று மாறும். பக்கத்தில் ஓடும் இன்னொரு பெரிய மின்னோட்டக் கேபிள் வெளிப்புலத்தைப் போலவே தொல்லை தரும். அதன் சுமை மாறும்போது உங்கள் பூஜ்ஜியமும் மாறும் என்பதால் அதை ஜீரோ பட்டனால் கழிக்கவும் முடியாது.

மீட்டர் 0.00 காட்டினால் அந்த ஒயரைத் தொடலாமா?

கூடாது. மின்னோட்டம் இல்லை என்பதற்கு மின்னழுத்தம் இல்லை என்று பொருள் அல்ல. அந்த 0.00கூட முன்பு யாரோ அழுத்திய ஜீரோவின் விளைவாக இருக்கலாம். மின்சாரம் துண்டிக்கப்பட்டதா என்பதை மின்னழுத்த அளவீட்டால் மட்டுமே உறுதி செய்யுங்கள்.

எப்போது உண்மையிலேயே பழுது என்று சந்தேகிக்கலாம்?

தாடையின் முகங்களைப் பாருங்கள். இரும்புத் துகளோ துருவோ ஒட்டியிருந்தால் வளையம் சரியாகச் சேராது, பூஜ்ஜியமும் அளவும் இரண்டும் கெடும். மென்மையான துணியால் துடையுங்கள், உப்புத்தாள் போடாதீர்கள். கீழே விழுந்த மீட்டரில் இரு தாடைகளும் நேராகச் சந்திக்கின்றனவா என்று வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் அதை நம்ப வேண்டாம்.

பிறகு ஓர் அளவீட்டுச் சோதனை. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மேசை பவர் சப்ளையிலிருந்து 2 ஆம்பியரை, நம்பகமான மல்டிமீட்டரோடு தொடரிணைப்பில், பத்துச் சுற்றுச் சுருள் வழியே அனுப்புங்கள். கிளாம்ப் 20 ஆம்பியர் காட்ட வேண்டும். சுருளை எதிர்ப்பக்கமாக மாற்றினால் −20. இரண்டும் ஒரே அளவு விலகி, ஒன்று 20.3 என்றும் மற்றொன்று −19.7 என்றும் வந்தால் கோளாறு பூஜ்ஜியத்தில் மட்டும், ஜீரோ செய்தால் தீரும். 18.6, −18.6 என்று வந்தால் பூஜ்ஜியம் நன்றாக இருக்கிறது, உணர்திறன் குறைந்துவிட்டது. அதை எந்தப் பட்டனும் சரி செய்யாது, அளவுத்திருத்தத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். ஜீரோ அழுத்திய பிறகும் எண் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தாலோ, தாடையைத் தட்டினால் எண் குதித்தாலோ, சென்சாரும் அதன் இணைப்புகளும் பார்க்கப்பட வேண்டும்.